ஆர்க்காட்டு நவாபின் கடனும் நாட்டு வருவாயும்

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்துள்ள பொம்மையார்பாளையம் மயிலம் பொம்மபுர ஆதீனத்தோடு சேர்த்து எண்ணப்படும் ஊராகும். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இதனைச் சூழ்ந்த திண்டிவனம், விழுப்புரம், வந்தவாசிப் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. அரசின் செலவு வரவினை விஞ்சுங்கால் அச்சுமை யார் தலையில் வீழ்கிறது என்பதனை ஆராய்வார்க்கு இந்நாட்டின் அக்கால வரலாறு தக்க சான்றாகும்.

முகம்மது அலி வாலாஜா 1749 முதல் 1795 வரை நவாபாக விளங்கினார். பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களில் கும்பினிப் படை அவர் பொருட்டுப் போரிட்டது. அச்செலவு அவர் கணக்கிலேயே எழுதப்பட்டது. பணம் இல்லாதபோது சென்னையிலிருந்த கும்பினி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். ஒருபுறம் கும்பினிக்குரிய தொகையை வசூலிக்க வேண்டியவர்கள், மறுபுறம் அதனைக் கட்டுதற்கு நவாபுக்குத் தாமே வட்டிக்குக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 20க்கு மேற்பட்டிருந்த வட்டி பின்னர் 10 ஆகக் குறைந்தது. எனினும் முதல் குறையவில்லை. 1767இல் பழங்கடன்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. 1777இல் மற்றொரு பெருந்தொகை சேர்ந்தது. தம் அரண்மனைச் செலவையும் நாட்டுச் செலவையும் நவாப் வேறுபடுத்தினாரல்லர்.

இக்கடனுக்கு ஈடு யாது? நிலவரியே. ஒவ்வொரு தவணையின்போதும் நவாப் கடன்காரர்க்கு ஒரு சீமையின் வருவாயை எழுதிக் கொடுப்பார். அவருடைய ஆள் அங்குச் சென்று வசூல் செய்வான். அவனுக்கு அடுத்த ஆண்டு அவ்வூரில் வேலையில்லை. ஆகலின் ஏரி உடைந்தாலும் குடிகள் ஓடினாலும் அவனுக்குக் கவலையில்லை. கதிர் முற்றுமுன்னரே விளைச்சலின் மேல் பணம் பெறப்படும். 1795இல் சென்னைக் கவர்னராயிருந்த ஹோபார்ட் பிரபு இக்கேட்டினைத் தம் குறிப்பில் விரித்தெழுதினார்.  கடன் கொடுத்தோர் அவர் இனத்தவரேயன்றோ!

பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் தஞ்சை வருவாயின்மேல் உரிமை கோரியபோது, கவர்னர் பிகட் பிரபு மறுத்தார். 1776 ஆகஸ்டில் சபையின் பெரும்பான்மையினர் அவரையே சிறைப்படுத்தினர். 1777இல் காவலிலேயே அவர் இறந்தார். 1784ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், கடன்களை ஆராயாமலே ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கி அடைக்க ஆணையிட்டது. எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரி 28இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதனைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். எனினும் அவர் கருத்து வென்றிலது.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கும்பினிப் படைச் செலவுக்கென ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் வரையறுக்கப்பட்டது. 1801 ஜூலையில் நவாபாகவிருந்த உம்தத்துல் உமரா இறக்க, அம்மாத இறுதியில் நாட்டாட்சி முழுவதும் கும்பினியின் கைக்கு மாறியது. நவாபின் குடும்பத்திற்கு வருவாயின் ஒரு பங்கு மட்டும் எஞ்சியது. பின்னர்க் கடன்களை ஆராய ஆணையம் அமைந்தது. அதன்முன் வைக்கப்பட்ட கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கும் மேற்பட்டவை. பல்லாண்டுகள் ஆய்ந்தபின் மெய்யெனக் கொள்ளப்பட்டவை ஏறத்தாழ 27 லட்சம் பவுன் மட்டுமே. ஏனைய யாவும் தள்ளுண்டன.