விற்ற பின்னும் நீளும் கை

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவர்க்கே உரியது என்பது வாணிபத்தின் தொன்மையான நியதி. கட்டிலை விற்ற தச்சர் நள்ளிரவில் வந்து அதன் கால் ஒன்றைக் கழற்றிச் செல்வதை எந்தச் சமுதாயமும் ஒப்பாது. ஆயினும், மென்பொருளால் இயங்கும் கருவிகளைப் பொறுத்தவரை இந்நியதி தளர்ந்து வருகிறது. அதனை உணர அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கொன்றின் வரலாறு துணைபுரியும்.

2006 நவம்பரில் ஜப்பானின் சோனி நிறுவனம் ‘பிளேஸ்டேஷன் 3’ என்னும் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அமெரிக்காவில் அதன் விலை, வகைக்கேற்ப 499, 599 வெள்ளி. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி அதனைக் கணினியாகவும் பயன்படுத்த இயன்றது. ‘அதர் ஓஎஸ்’ எனப்பட்ட இவ்வசதியை நாடியே அதனை வாங்கியோரும் உளர். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,700க்கும் மேற்பட்ட கருவிகளை ஒருங்கிணைத்து, ஆற்றல் மிக்க கணினித் தொகுதி ஒன்றையே அமைத்தது.

2010 ஜனவரியில், கருவியின் காப்பினை ஊடுருவும் வழியை நிரலர் ஒருவர் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சோனி வெளியிட்ட 3.21 எண்ணுடைய புதிய மென்பொருள், லினக்ஸ் வசதியை அடியோடு நீக்கியது. பாதுகாப்பே காரணம் எனக் கூறப்பட்டது. புதிய மென்பொருளை ஏற்பது அவரவர் விருப்பமே என்றும் சொல்லப்பட்டது. ஆனால், ஏற்காதவர் இணையவழி விளையாட இயலாது. புதிய விளையாட்டுகள் சிலவும் இயங்கா. ஏற்றால் ஒன்றை இழப்பர். மறுத்தால் மற்றொன்றை இழப்பர். இரு புறமும் இழப்பே உள்ளவிடத்து விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?

பயனீட்டாளர்கள் கலிபோர்னியாவில் கூட்டு வழக்குத் தொடுத்தனர். 2011 டிசம்பரில் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. வாங்கியோரின் மனக்குறை புரிந்துகொள்ளத்தக்கதே எனினும், சட்டப்படி பரிகாரம் கோர அது போதாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் சில கூறுகளுக்கு மட்டும் உயிரளித்தது. 2016இல் எட்டப்பட்ட உடன்பாட்டை நீதிபதி ஏற்கவில்லை. இறுதியில், 2018இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் வெள்ளி கொண்ட இழப்பீட்டு நிதிக்குச் சோனி இணங்கியது. தனியொருவர் பெறத்தக்க உச்சத்தொகை 65 வெள்ளி. எட்டாண்டுப் போராட்டத்தின் பயன் இதுவே. பறிக்கப்பட்ட வசதியோ மீளவில்லை.

திருட்டுப் படிகளைத் தடுக்கும் உரிமை உற்பத்தியாளருக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், காப்பை உடைத்தவர் சிலர். தண்டம் இறுத்தவரோ குற்றமற்ற பலர். மேலும், உடன்படிக்கையின் நுண்ணெழுத்துகளில் ‘மாற்றும் உரிமை எமக்குண்டு’ எனப் பொதுப்பட எழுதிவைத்தலே போதுமாயின், விற்பனையின்போது அளித்த வாக்கு எதுவும் நிலைபெறாது.

2019இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னிலக்க உள்ளடக்கம், சேவை ஆகியவற்றுக்கென நெறிமுறையொன்று வகுத்தது. வழங்குநர் செய்யும் மாற்றம் பயனீட்டாளரைக் கணிசமாகப் பாதிக்குமாயின், அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது அது. இது நல்லதொரு தொடக்கம். வாங்கும் நாளில் இருந்த பயனை நீக்க முற்படுவோர் முன்னறிவித்தல் வேண்டும். வாங்கியவர் மறுப்பின், பழைய பயன்கள் அனைத்தும் தொடர வழி செய்தல் வேண்டும். இயலாதெனின் விலையில் உரிய பங்கைத் திருப்பித் தருதல் வேண்டும். தச்சருக்குப் பொருந்தும் அறம் மென்பொருள் வல்லுநர்க்கும் பொருந்துவதே நீதியாகும்.