வேதாளம் ஏறாத தோள் உண்டா?

ஒரு ராஜா. கையில் உருவிய வாள். தோளில் ஒரு பிணம். சுற்றிலும் சுடுகாடு, மண்டை ஓடு, பாம்பு. இந்தப் படத்தைப் பார்க்காம வளர்ந்த தமிழ்ப் பையனோ பொண்ணோ ஒரு காலத்துல இருந்திருக்க முடியாது. அம்புலிமாமா விக்கிரமாதித்தன் கதைன்னு சொன்னாலே முதல்ல அந்தப் படம், அப்புறம்தான் கதை.

அந்தப் படத்தை வரைஞ்சவர் நம்ம பக்கத்துக்காரர்ங்கிறது பழனியிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. ஓவியர் சங்கர்னா தெரியும். முழுப் பெயர் கே.சி. சிவசங்கரன். அந்த 'கே' இருக்கே, அது காரத்தொழுவு. இங்கிருந்து உடுமலை போற ரோட்டுல மடத்துக்குளம் வருமில்லையா, அந்தச் சுற்றுவட்டாரத்து ஊர். இப்போ அது திருப்பூர் மாவட்டம், நாம திண்டுக்கல் மாவட்டம். அதுக்கு முன்னாடி அவங்க கோயமுத்தூர், நாம 1985 வரைக்கும் மதுரை. ஜில்லா எதுவா இருந்தா என்ன, தைப்பூசத்துக்கு காவடி வர்ற தூரம்தான்.

சங்கர் பிறந்தது 1924. சின்ன வயசிலேயே சென்னைக்குப் போயாச்சு. அங்கே ஓவியக் கல்லூரியில் படிச்சார். அப்போ அங்கே முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரீனா உழைப்பாளர் சிலை செஞ்சாரே, அவரேதான். படிச்சு முடிச்சு முதல்ல கலைமகள், அப்புறம் 1950களின் தொடக்கத்துல அம்புலிமாமா. அதுக்கப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கிட்டத்தட்ட 60 வருஷம், பத்திரிகை நின்னுபோற வரைக்கும் அதுக்கே வரைஞ்சார். 2020 செப்டம்பர்ல, 96 வயசுல காலமானார். 2021 ஜனவரியில பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. இருக்கும்போதே குடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்னு கேட்கத் தோணுது, விடுங்க.

அம்புலிமாமா தொடங்கினது 1947 ஜூலை. சுதந்திரத்துக்கு ஒரு மாசம் முந்திப் பிறந்த குழந்தை. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் (ஆமாங்க, விஜயா ஸ்டூடியோ ஆளுங்கதான், 'மாயா பஜார்' எடுத்தவங்க) தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பிச்சாங்க. அப்புறம் பத்துக்கும் மேற்பட்ட மொழியில் வந்தது, சந்தாலி உட்பட. 2007ல் பத்திரிகை கை மாறிச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல மெல்ல மூச்சு நின்னுபோச்சு.

நான் பேச வந்தது படத்தைப் பத்தி மட்டும் இல்லை. வேதாளம் கேட்ட கேள்விகளைப் பத்தி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வேதாளக் கதை ஒவ்வொண்ணும் ஒரு பெரிய விடுகதை. கதையைச் சொல்லிட்டு கடைசியில ஒரு கேள்வி. விடை தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிரும். சொன்னா மௌனம் கலைஞ்சிரும், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடும். இப்படி ஒரு இக்கட்டை யோசிச்ச ஆள் யாரோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும். இந்தக் கதைகள் 11ஆம் நூற்றாண்டுல காஷ்மீரத்துல சோமதேவர் எழுதின கதாசரித்சாகரத்துல இருக்கு. அதுல ராஜா பேரு விக்கிரமாதித்தன் இல்லை, திரிவிக்கிரமசேனன். கடைசிக் கதை எப்படி முடியுதுன்னு தெரியுமா? அப்பன் ஒரு பெண்ணைக் கட்டுறான், மகன் அவளோட அம்மாவைக் கட்டுறான். அப்போ ரெண்டு ஜோடிக்கும் பிறக்கிற பிள்ளைங்க ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன முறை? ராஜாவுக்கு விடை தெரியலை. வாயைத் திறக்காம நடக்கிறார். வேதாளம் மனசு குளிர்ந்து அவருக்கு உதவி பண்ணுது. இத்தனை விடுகதைக்கும் விடை சொன்னதால ஜெயிக்கலை, கடைசி ஒண்ணுக்கு விடை தெரியாததால ஜெயிச்சார்! அம்புலிமாமாவுல இந்த முடிவுக்கு அவசரமா வந்துரலை. சொந்தமாப் புதுக் கதைங்களைக் கட்டி, புதுக் கேள்வியைக் கேட்டு, பல பத்து வருஷம் ராஜாவை நடக்க விட்டுட்டாங்க.

தமிழ்ல இது எப்பவோ வந்தாச்சு. 1831லேயே பாபிங்டன்ங்கிற வெள்ளைக்காரர் தமிழ் வேதாளக் கதையை இங்கிலீஷ்ல பெயர்த்து லண்டன்ல அச்சுக்குக் குடுத்தார். வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதையை 1822ல் அச்சுல கொண்டுவந்தவரும் அவர்தான். நம்ம ஊர்ப்பக்கம் அது புழங்கினது 'பெரிய எழுத்து' புத்தகமா. திருவிழாக் கடையில, மஞ்சக் கயிறு, முருகன் படம், பொரி மூட்டைக்கு நடுவுல நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதைன்னு அடுக்கி வச்சிருப்பாங்க. அதைக் கண்ணால வாசிச்சவங்களை விட காதால கேட்டவங்கதான் அதிகம். வீட்டுல எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச ஒருத்தர் ராகம் போட்டு வாசிப்பார், தெரு முழுக்கக் கேட்கும்.

விடுகதை அதைவிடப் பழசு. தொல்காப்பியம் செய்யுளியல்லேயே 'பிசி'ன்னு ஒரு வகை சொல்லியிருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே இலக்கணக்காரர் உட்கார்ந்து வகை பிரிக்கிற அளவுக்கு விடுகதை இங்கே இருந்திருக்கு. அதுக்குப் பிற்பாடு புலவர்களும் பண்டிதர்களும் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு ஒதுக்கினாங்க. ஆனா பாட்டிமாருங்க ஒதுக்கலை.

நம்ம ஊர்க் கதையே ஒரு விடுகதைதானே? உலகத்தை முதல்ல சுத்தி வர்றவனுக்கு மாம்பழம். முருகன் அதைப் போட்டின்னு நெனச்சு மயில்ல கிளம்பிட்டார். பிள்ளையார் அதை விடுகதைன்னு எடுத்துக்கிட்டார். 'உலகம்னா என்ன?' விடை: அம்மையப்பன். பழத்தை வாங்கிட்டுப் போயிட்டார். தோத்த பிள்ளை கோவிச்சுக்கிட்டு வந்து நின்ன மலைக்குத்தான் நாம குடியிருக்கோம். விடுகதையில தோத்ததுக்கு ஒரு ஊரே கிடைச்சது உலகத்துல வேற எங்கேயும் இருக்கான்னு தெரியலை :-) அதுக்கப்புறம் முருகன் உஷாராயிட்டார் போல. ஔவையார் கதையில கேள்வி கேட்கிறது அவர்தான். சுட்ட பழமா சுடாத பழமான்னு கேட்டு அத்தனை பெரிய பாட்டியையே மடக்கிட்டார் இல்லையா? (அது நடந்தது அழகர்மலைப் பக்கம்னு சொல்வாங்க. ஆனா நம்ம முருகன்தானே.)

இதெல்லாம் எதுக்கு இப்போ? மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேரு எங்க வீட்டுத் திண்ணைக்கு வர்றாங்க. எங்கிட்ட இருக்கிற பழைய புத்தகங்களை அவங்களோட பகிர்ந்துக்கிறதுன்னு ஆரம்பிச்சது. முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, புத்தகத்தைக் கையில குடுத்தா வேலைக்காகாது. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வருது. பேசுறதுல குறையே இல்லை, வாய் கிழியுது. எழுத்தைப் பார்த்தாத்தான் முகம் சுருங்குது. சரின்னு புத்தகத்தை மூடி வச்சுட்டு, மூணு கண்ணு இருக்கு ஆனா சிவன் இல்லை, உள்ளே தண்ணி இருக்கு ஆனா கிணறு இல்லைன்னு ஆரம்பிச்சேன். தேங்காய்னு கத்தினாங்க. தீக்குச்சி, வெங்காயம், ஊசி நூல்னு ஒவ்வொண்ணாப் போச்சு. அரை மணியில எங்கிட்ட சரக்கு தீர்ந்துருச்சு.

அடுத்த வாரம் அவங்களே கட்டிக்கிட்டு வந்தாங்க. ஆறாவது படிக்கிற பையன் கேட்டான்: "பழனிக்கு வரும்போது கறுப்பு, ஊருக்குத் திரும்பும்போது மஞ்சள். என்ன?" எனக்கு நிஜமாவே ஒரு நிமிஷம் ஆச்சு. மொட்டை! சந்தனம் பூசின மொட்டைத் தலை! இன்னொருத்தி: "அடுப்புல ஏத்தலை, ஒரு சொட்டு தண்ணி ஊத்தலை, ஆனா கொழகொழன்னு இருக்கும்." பஞ்சாமிர்தம். அவங்க மாமா கடையில வேலை பார்க்கிறார், அதனால அவளுக்கு சேர்மானம் அத்தனையும் அத்துப்படி. ரோப் காரைப் பத்தியும் ஒருத்தன் ஒண்ணு சொன்னான். கயித்துல தொங்குதுன்னு அவனே சொல்லிட்டதால கூட்டம் அதை நிராகரிச்சிருச்சு. பிள்ளைங்க ரொம்பக் கறாரான விமர்சகர்கள்.

இப்படிக் கட்டின விடுகதைகளை மறக்காம இருக்க எழுதி வைக்கணும்னு சொன்னேன். எழுதினாங்க. எழுதினதை வாசிச்சாங்க. அங்கிருந்துதான் அம்புலிமாமாவுக்கு வந்தோம்.

பிரச்சனையும் அங்கேதான் வந்துச்சு. மூணு பேர் ஒரு பெண்ணைக் கட்டிக்க ஆசைப்படுற கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ செத்துப் போறா. ஒருத்தன் சாம்பல்லேயே படுத்துக் கிடக்கிறான், ஒருத்தன் எலும்பை எடுத்துக்கிட்டு கங்கைக்குப் போறான், ஒருத்தன் மந்திரம் கத்துக்கிட்டு வந்து உயிர் குடுக்கிறான். அவ யாருக்கு மனைவி? உயிர் குடுத்தவன் அப்பன் மாதிரி, எலும்பைச் சுமந்தவன் மகன் மாதிரி, சாம்பலை விட்டு நகராதவன்தான் கணவன்னு ராஜா சொல்வார். நான் சின்ன வயசுல அசந்துபோன விடை அது. பஞ்சாமிர்தக்காரி கேட்டா:

"அந்த அக்காதான் உசுரோட எந்திரிச்சிட்டாங்களே மாமா. அவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

ஆயிரம் வருஷமா ராஜாவுக்கும் தோணலை, வேதாளத்துக்கும் தோணலை.

அன்னிக்கு ராத்திரி எனக்கு நம்ம பேகன் ஞாபகம் வந்தது. வையாவிக் கோப்பெரும் பேகன், நம்ம மலைநாட்டு ராஜா. பழனிக்குப் பழைய பேர் பொதினி, அகநானூறு முதல் பாட்டுலேயே வருது. மயிலுக்குப் போர்வை குடுத்த கதை பாடப் புத்தகத்துல உண்டு, குழந்தைகள் புத்தகத்துலயும் உண்டு. ஆனா புறநானூற்றை எடுத்துப் பார்த்தா, பேகன் மனைவி கண்ணகியை விட்டுட்டு வேற ஒருத்தி வீட்டுல இருந்திருக்கார். 143ல் இருந்து 147 வரை அஞ்சு பாட்டு அதைப் பத்தியே. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார்னு நாலு பெரிய புலவருங்க வந்து, பரிசு வேணாம், நீ வீட்டுக்குப் போ, அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்துன்னு கேட்கிறாங்க. மயில் குளிர்ல நடுங்குறது தெரிஞ்சவனுக்கு இது தெரியலையே! இந்தப் பாதியைக் குழந்தைங்களுக்குச் சொன்ன புத்தகம் எதுவும் எங்கிட்ட இல்லை. பிள்ளைங்களுக்கு எதுக்குன்னு பெரியவங்க வெட்டிட்டாங்க. நான் சொன்னேன். சாம்பல் கதைக்கு அடுத்த வாரமே சொன்னேன். மயில் கதையை விட இதைத்தான் உத்துக் கேட்டாங்க. நாலு பேர் கேட்டும் போகலையாங்கிறதுதான் முதல் கேள்வி. போனாரா இல்லையான்னு அந்தப் பாட்டுங்க சொல்லலைன்னேன். "அப்ப இதுதான் கடைசி வேதாளக் கேள்வி"ன்னான் மொட்டை விடுகதைக்காரன்.

சரி, பத்திரிகைகளுக்கு வருவோம். தமிழ்ல குழந்தைகளுக்கு எழுத ஆளில்லாம இருந்ததே இல்லை. அழ. வள்ளியப்பா (பேங்க் வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர்) 1944ல் 'மலரும் உள்ளம்' கொண்டு வந்தார், 1950ல் குழந்தை எழுத்தாளர் சங்கமே ஆரம்பிச்சார். ஈரோட்டுப் பக்கத்து பெ. தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து 10 தொகுதி கலைக்களஞ்சியத்தை முடிச்ச கையோட, குழந்தைகளுக்குன்னு தனியா இன்னொரு 10 தொகுதி, 1968ல் இருந்து 1976க்குள்ளே.  1972ல் ஒரே வருஷத்துல கோகுலமும் வந்தது, சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸும் வந்தது. 1984ல் வாண்டுமாமாவோட பூந்தளிர். அதை நினைச்சு இன்னிக்கும் ஏங்குறவங்க என்னைத் தவிர நிறையப் பேர் இருக்கீங்கன்னு தெரியும். 1999ல் சுட்டி விகடன். கோகுலம் 2019ல் நின்னுச்சு, சுட்டி விகடனும் அதையொட்டியே. காமிக்ஸ் மட்டும் இன்னும் வருது, ஆனா வாங்குறது முக்கால்வாசி எங்களை மாதிரி நரைச்ச தலைங்க.

டிவி வந்துச்சு, செல்போன் வந்துச்சு, அதான் செத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதுல பாதி சம்மதம்தான். விடுகதைப் பக்கத்துல விடையைத் தலைகீழா அச்சடிச்சிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? அது எதுக்கு? ஒருத்தர் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு கேட்க, எதிர்ல இருக்கிறவர் விடையைப் பார்க்காம இருக்க. ரெண்டு பேருக்கான பக்கம் அது. எதிர்ல உட்கார்ற ஆளு வீட்டுல இல்லாம போனதும் நடந்திருக்கு. நாங்க பெத்தவங்க ஆனதும் பிள்ளைங்களை டியூஷனுக்கு அனுப்பிட்டு, கோகுலம் சந்தாவை மட்டும் கட்டிட்டு, வாசிக்கலையேன்னு வருத்தப்பட்டோம்.

நல்ல சேதி இல்லாம இல்லை. 2010ல் சாகித்ய அகாதமி குழந்தை இலக்கியத்துக்குப் பால சாகித்ய விருது ஆரம்பிச்சப்போ, தமிழுக்கு முதல் விருது வாங்கினவர் நம்ம திண்டுக்கல் மா. கமலவேலன், 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்கு. மாவட்டத் தலைநகர்லேயே இருக்கிற மனுஷர், நம்ம பிள்ளைங்க எத்தனை பேருக்குப் பேர் தெரியும்? பாரதி புத்தகாலயம் போடுற சின்னச் சின்னப் புத்தகங்கள் இப்பவும் கைக்கு அடக்கமான விலையில கிடைக்குது. பெரிய எழுத்து, குட்டி வாக்கியம், எழுத்துக்கூட்டுற பிள்ளைக்கும் ஒரே உட்காரல்ல முடிச்சுட்ட சந்தோஷம்.

ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை வாங்கி வச்சிருக்கேன். இந்த முறை நான் வாசிக்கப் போறதில்லை. பஞ்சாமிர்தக்காரி வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கா, ஒரு நாளைக்கு நாலு பக்கம், நடுவுல யாரும் திருத்தக்கூடாதுங்கிற நிபந்தனையோட.