பெயர் எழுதாத சாவடி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கிருந்து தெற்கே வந்தால் நம் ராஜபாளையத்தில் பார்க்க வேண்டியது கண்மட்டத்திலேயே இருக்கிறது: ராஜு சமூகத்தார் கூடும் சாவடி.

இதன் உறவுக் கட்டடம் ஒன்று கடல் கடந்து பினாங்கில் உண்டு. ஜார்ஜ் டவுனில் கூ வம்சத்தாரின் குலமண்டபமான ‘கூ கொங்சி’. முதலில் கட்டிய பெரிய மண்டபம் 1901-இல் எரிந்தது. சீனப் பேரரசரின் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் வந்த தெய்வக் குற்றம் என்று நம்பி, அளவைச் சுருக்கி 1906-இல் மறுபடி கட்டி முடித்தார்கள். நடுவே குலதெய்வம்; ஒரு பக்கம் முன்னோர் பெயர்ப்பலகைகள். எதிரே கூத்து மேடை, சுற்றிலும் பங்காளி வீடுகள். பட்டம் பெற்ற வம்சத்துப் பிள்ளைகளின் பெயர்களும் அங்கே சுவரேறியிருக்கின்றன.

நம் சாவடியில் பெயர்ப்பலகை கிடையாது. அகன்ற திண்ணை, கல் தூண், தேக்கு உத்தரம், தெருப்பக்கம் கதவே இல்லாத முகப்பு. கதவில்லாததுதான் இதன் கட்டடக்கலை என்பேன். விஜயநகர காலத்தில் தெற்கே வந்தவர்கள் என்பது நம் ராஜுக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. வீட்டில் இன்றும் தெலுங்குதான். யார் எந்தக் கோத்திரம், யாருக்கு யார் பங்காளி, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதெல்லாம் இந்தத் திண்ணையில் பெரியவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. கல்யாணப் பேச்சும் கோயில் வரியும் இங்கேதான், துக்கம் விசாரிப்பதும் இங்கேதான்.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த நம் ஊர் பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். வாசலைத் திறந்து வைக்கும் அந்தக் குணம் சாவடியில் பழகியவர்களுக்குப் புதிதல்ல.

சாவடியைச் சீரமைக்கும் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சுவர் உதிரும். பாதுகாப்பு என்று சொல்லித் திண்ணைக்குக் கம்பிக் கதவும் போடாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று, நம் எல்லோருக்குமானது. கூ வம்சத்தார் சுவரில் ஏற்றிய பெயர்கள் நம்மிடம் எண்பது தாண்டிய சிலரின் நினைவில்தான் இருக்கின்றன. சாவடியில் விழா நடக்கும் நாளன்று ஒரு பேரேடு வைக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் வீட்டுப் பெரியவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அவர் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும்.