கைக்கருவியும் கோபுரமும்

'என்னுடையது!' என்று மார்தட்டிக் கூறுவதிலே மனிதனுக்கு என்றுமே ஒரு மயக்கம் உண்டு. நிலமும் வீடும் நகையும் இல்லாதவன்கூட, அப்படிச் சொல்லிக்கொள்ள இன்று கையிலே ஒரு கருவி வைத்திருக்கிறான். முன்பு கைக்கடிகாரம், பின்பு டிரான்சிஸ்டர் வானொலி, இப்போது கைபேசி. உலகமே உள்ளங்கையிலே வந்து குந்திவிட்டதென்று களிக்கிறான். அடுத்த நொடி அது ஊமையாகிவிட்டாலோ, ஏசுகிறான், தட்டிப் பார்க்கிறான், கூரைமீதேறித் தூக்கிப் பிடிக்கிறான். கருவிதான் தன்னுடையது, அதற்கு உயிரூட்டும் ஆற்றல் ஊருடையது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க ஏற்ற இடமொன்று தமிழகத்திலே உண்டு — சவ்வாது மலை! ஆனால் மலை ஏறுமுன், தோழர்களே, சென்னை எழும்பூருக்குச் சென்று, 240 ஆண்டுகளுக்கு முந்திய வீடொன்றைக் கண்டு வருவோம்.

1786ஆம் ஆண்டு, கும்பெனி ஆட்சிக் காலம். வில்லியம் பெட்ரி என்ற கும்பெனி அதிகாரி, தம் சொந்தப் பணத்திலே தொலைநோக்கிகளும் கடிகாரங்களும் வாங்கி, தம் இல்லத்திலேயே வான் நோக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார். இலண்டன் மாநகரத்து ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் அவற்றிலே ஒன்று. அவருக்கு அது தனி மனிதனின் ஆசை. ஆனால் கடலிலே கப்பல் செலுத்துவோருக்கும் நிலத்தை அளப்போருக்கும் பிழையற்ற நேரம் உயிர்நாடியாயிற்றே! எனவே கருவிகள் கும்பெனியின் பொறுப்புக்கு மாறின. 1792இல் நுங்கம்பாக்கத்திலே தனிக் கட்டடம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூணிலே, பிற மொழிகளோடு தமிழிலும் செய்தி பொறித்து வைத்தனர். கல்வெட்டென்றால் மன்னன் ஆலயத்துக்கு ஆடு மாடு அளித்த செய்திதான் என்று பழகிப்போன நாட்டிலே, அறிவியல் நிலையத்துக்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு!

1802இல் ஜான் கோல்டிங்காம் கணித்துரைத்தார்: சென்னையின் நேரம் கிரீனிச்சின் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று. புகைவண்டி வந்த பிறகு இந்தச் சென்னை நேரத்தைக் கொண்டே வண்டிகள் ஓடின. 1906 சனவரி 1 முதல்தான் இந்திய நேரம் என்ற பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலே பொற்சங்கிலி கோத்த கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து உருவி எடுத்து, ஊரார் வாய்பிளக்க நேரம் சொன்ன சீமான்கள் எத்தனை எத்தனை! கடிகாரம் சீமானுடையது; நேரம் அவருடையதன்று. நுங்கம்பாக்கத்திலே ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து விண்மீனின் நகர்வைக் குறித்தார்; அதைக்கொண்டு சீமான் தம் முள்ளைத் திருத்தினார்.

1899இலே கோடைக்கானலில் வானாய்வு நிலையம் தோன்றிற்று. ஷெல்டன் கடிகாரமும் மலையேறிற்று. அங்கே ஆராய்ச்சி பெரிதும் கதிரவனைப் பற்றியது. இரவு வானத்தை ஆராய வேறோர் இடம் தேவை என்று கருதினார், 1960இல் அதன் இயக்குநரான வைணு பாப்பு. தேடித் தேடிக் கண்டெடுத்த இடம்தான், சவ்வாது மலையிலே, ஆலங்காயத்துக்கு அருகேயுள்ள காவலூர். கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வடவானமும் தென்வானமும் ஒருங்கே தெரியும். சுற்றிலும் காடு, விளக்கு வெளிச்சம் இல்லை. 'வெளிச்சம் இல்லை' என்ற இந்தத் தகுதியை மட்டும் நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

1968இல் அங்கே முதன்முதல் நிறுவிய 38 செ.மீ. தொலைநோக்கி, கோடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972இலே ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் ஆக்கிய 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. பருவமழை மாதங்களிலே முகில் கவிந்துகொள்ளும். எத்தனை விலைமதிப்புள்ள கருவியாயினும் மூடிய கூரையின்கீழ் முடங்கித்தான் கிடக்க வேண்டும். முகில் விலகிய இரவொன்றிலே நடந்ததைக் கேளுங்கள்.

1977 மார்ச் 10. யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்துபோகும் இரவு. ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோள் அது. சோதிடர்களின் நவக்கிரகப் பட்டியலிலே இடம்பெறாத கோளும்கூட! அதைக் கண்டுபிடித்ததே ஒரு தனி மனிதனின் கருவிதான். இங்கிலாந்தின் பாத் நகரிலே வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைவாணர், தம் கையாலேயே செய்த தொலைநோக்கியைக்கொண்டு, வீட்டுத் தோட்டத்திலிருந்து 1781 மார்ச் 13இல் கண்டார். கண்டாரே ஒழிய, 'வால்மீன்' என்றுதான் அறிவித்தார். பிற நாட்டு அறிஞர்கள் நோக்கிக் கணக்கிட்ட பின்னரே, அது கோள் என்பது உறுதிப்பட்டது.

காவலூரிலே அன்றிரவு பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியுடன் காத்திருந்தனர். கோள் விண்மீனை நெருங்குமுன்னரே, விண்மீனின் ஒளி சில நொடி மங்கிப் பிறகு மீண்டது. இடையிலே ஏதோ குறுக்கிட்டிருக்கிறது! 'யுரேனஸின் புதிய துணைக்கோள்' என்று 'நேச்சர்' இதழிலே அவர்கள் எழுதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினரோ, ஒன்றல்ல, பல மங்கல்களைப் பதிவு செய்திருந்தனர். குறுக்கிட்டவை வளையங்கள்! காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்தபோது, அதிலும் வளையங்களின் தடம் தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அது தானாக எதையும் சொல்லவுமில்லை. காவலூரின் கோட்டையும் விமானத்தின் கோட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட அறிவுதான் சொல்லிற்று. தோட்டத்து ஹெர்ஷலுக்கும் துணை தேவைப்பட்டது, மலைமேல் பெருங்கருவிக்கும் துணை தேவைப்பட்டது.

பிறகு, 1986 சனவரி 6இல், பெங்களூரிலே தேய்த்து மெருகேற்றிய ஆடி கொண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. அதைக் காண ஆசைப்பட்ட வைணு பாப்பு, 1982இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

உச்சியிலிருந்து சரிவுக்கு இறங்குவோம். சாமை விளைத்தும் தேனும் புளியும் திரட்டியும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கே இருக்கின்றன. இத்தகைய மலையூர்களுக்கு முதலிலே வந்த கருவி டிரான்சிஸ்டர். மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். பேட்டரி இருந்தால் பாடும். மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். இரவிலே வான்வெளியின் மேலடுக்கிலே பட்டுத் திரும்பி, தொலைவிலும் வந்து விழும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை. தொலைவிலே யாரோ அரசுப் பணத்தில் நிறுவிய ஒலிபரப்புக் கம்பம், மலைச்சரிவுக் குடிசையிலே பாட்டாக மலர்ந்தது. பேட்டரி தீர்ந்தால் அடுத்த சந்தை நாள்வரை மௌனம் — துன்பம் அவ்வளவே.

கைபேசியின் கதை வேறு. 1995 சூலை 31இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லிக்குப் பேசித் தொடங்கிவைத்தது அது. வருகின்ற அழைப்புக்கும் காசு கேட்ட காலம் 2003இல் முடிந்தது. ஏழையின் கைக்கும் கருவி எட்டிற்று. ஆனால் வானொலி கேட்பதோடு நிற்பது. கைபேசியோ மறுமொழியும் கூற வேண்டும். தன் சிறு பேட்டரியின் வலிமையால், அது அருகேயுள்ள கோபுரத்துக்குக் குரல் கொடுத்தாக வேண்டும். அதன் அலை மலைமுகட்டை வளைந்து தாண்டாது. ஆகவே, பள்ளத்தாக்கிலே கருவி இருக்கும், காசு கட்டியிருப்பார்கள், பேச்சு மட்டும் இராது. விலை கொடுத்து வாங்கியது கைவிளக்காகப் பயன்படும்!

2020 மார்ச்சிலே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்திலே 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பாடம் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும். நகரத்துப் பிள்ளை நாற்காலியிலே அமர்ந்து படித்தது. மலையூர்ப் பிள்ளை அலை தேடிப் பாறைமேல் ஏறிற்று. இரண்டும் 'மாணவர்' என்றே ஏட்டிலே எழுதப்பட்டன! அடுத்து, நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைக் கைபேசி வழியாகவே எடுக்க வேண்டுமென்று 2023 சனவரி 1 முதல் கட்டாயமாக்கினர். நாளுக்கு இருமுறை படம் பிடித்து ஏற்ற வேண்டும். மண் வெட்டியவன் கை காய்த்திருப்பது சான்றாகாது. அலை எட்டாத இடத்திலே, உழைத்த நாளே கணக்கிலேறாமல் போகும் நிலை! களிப்புக்காகக் கையிலெடுத்த கருவி, கூலிக்குக் காவல்காரனாக மாறிற்று.

'வாடிக்கையாளர் குறைவு, கோபுரம் கட்டினால் கட்டுப்படியாகாது' என்பது நிறுவனங்களின் வாதம். வணிகக் கணக்கிலே அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதற்காகவே ஒரு பொது நிதி உண்டே! தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலே நூற்றுக்கு 5 பங்கு, நாட்டுப்புறச் சேவைக்கென்று 2002 முதல் ஒதுக்கப்பட்டு வந்தது. அந்த வருவாய் யார் தந்தது? பாறைமேல் ஏறி நின்று பேசியவனும் தந்ததுதான். எட்டாத சிற்றூர்கள் 24,680க்கு நான்காம் தலைமுறை அலை வழங்க, ரூ. 26,316 கோடியிலே திட்டமொன்றை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது 2022 சூலையிலே — நிதி தோன்றி 20 ஆண்டுகள் கழித்து! கோயிலுக்குக் கோபுரம் எழுப்ப இந்நாட்டிலே என்றைக்காவது இத்தனை காலம் கணக்குப் பார்த்ததுண்டா?

நினைவிலே வைக்கச் சொன்ன அந்த இருட்டுக்கு வருவோம். காவலூருக்கு இருள் வேண்டும். மலை மக்களுக்கு ஒளி வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட வேண்டுமென்று எவரேனும் கூறினால், அது சோம்பேறியின் வாதம். வானாய்வாளரைத் துன்புறுத்துவது வானத்தை நோக்கி வீணாகச் சிதறும் ஒளி. அதிலே பெரும்பங்கு கீழேயுள்ள ஊர்களின் தெருவிளக்கும் விளம்பர விளக்கும், குடிசை விளக்கன்று. விளக்குக்கு மேலே மூடியிட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்பினால் தெருவும் துலங்கும், விண்மீனும் தெரியும். கைபேசிக் கோபுரமோ அந்த வழக்கிலேயே சேராது. அது பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அலை. காவலூர் ஆடி திரட்டுவது விண்மீனின் ஒளி. கோபுரத்தால் யுரேனஸ் மறைந்துவிடாது. மிஞ்சிப் போனால், அதன் உச்சியிலே சிறிய சிவப்பு விளக்கொன்று எரியும்.