அப்பாவுக்கு பிரஷ் கட்டர் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன தீபாவளி ஆஃபர்ல அப்பாவுக்கு ஒரு பிரஷ் கட்டர் ஆர்டர் போட்டேன். பட்டுக்கோட்டை பக்கம் எங்களுக்கு 80 சென்ட் தென்னந்தோப்பு. களை வெட்ட ஆள் கிடைக்கலை, அப்பாவுக்கு முதுகுவலி வேற. மெஷின் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். வந்த ரெண்டாவது நாளே இன்ஜின் ஜாம்! பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தணும்னு அப்பாவுக்கு யாரும் சொல்லலை. சொல்லியிருக்க வேண்டிய நான் சென்னையில இருந்தேன்.

செலவு பண்ணி சரி பண்ணினோம். அடுத்த வாரம் ஒரு சின்னக் கல் தெறிச்சு அப்பாவோட மூக்குக்கண்ணாடியில பட்டு, லென்ஸ் விரிசல் விட்டுடுச்சு. அவர் கண்ணாடி போடாத ஆளா இருந்திருந்தா? இப்ப நினைச்சாலும் பகீர்னு இருக்கு.

வாங்குறது சிட்டியில இருக்குற நாம, ஓட்டுறது ஊர்ல இருக்குற அவங்க. அதனால ஓட்டப்போற ஆளை மனசுல வெச்சுத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்கணும்.

உட்கார்ந்து ஓட்டுற மெஷின் செட் ஆகுமா?

ரீல்ஸ்ல ஃபாரின்காரங்க குட்டி டிராக்டர் மாதிரி ஒண்ணுல உட்கார்ந்து ஜாலியா புல் வெட்டுறதைப் பார்த்திருப்பீங்க. அது சமமான, கல் இல்லாத புல்தரைக்கானது. கிரிக்கெட் மைதானம், கோல்ஃப் கோர்ஸுக்கு சரி. நம்ம தோப்புல வட்டப்பாத்தி, வாய்க்கால், சொட்டுநீர்க் குழாய், விழுந்து கிடக்குற மட்டைன்னு ஆயிரம் தடை இருக்கு. அங்கெல்லாம் அது நகரவே நகராது.

வீட்டு முன்னாடி ரெண்டு சென்ட் புல்தரைன்னா கையால தள்ளுற மோவர் இல்லைன்னா பேட்டரி டிரிம்மரே போதும். தோப்பு, வரப்பு, காலி மனைக்குத்தான் பிரஷ் கட்டர். வீட்டுல நாலு ஆடு இருந்தா, முதல்ல அதுங்களை அவிழ்த்து விட்டுப் பாருங்க. பெட்ரோல் செலவே இல்லை!

2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா?

2 ஸ்ட்ரோக் மெஷின் எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்ரோல்ல 2டி ஆயிலை அளந்து கலக்கணும். 50:1 விகிதம்னா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். 25:1 விகிதம்னா 40 மி.லி. உங்க மெஷினுக்கு எதுன்னு மேனுவல்ல பாருங்க. ஆயில் குறைஞ்சா பிஸ்டன் ஜாம் ஆகும். கூடினா புகை கக்கும், பிளக் அடைக்கும்.

4 ஸ்ட்ரோக்குல பெட்ரோல் தனி, இன்ஜின் ஆயில் தனி. கலக்குற வேலையே இல்லை. சத்தமும் புகையும் கொஞ்சம் கம்மி. எடையும் விலையும் கூட இருக்கலாம். ஒரு விஷயம்... புது 4 ஸ்ட்ரோக் மெஷின் பெரும்பாலும் ஆயில் ஊத்தாமதான் வரும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆயில் ஊத்த மறந்தா அதுவும் ஜாம்தான்.

அளந்து கலக்குற பொறுமை வீட்டுல யாருக்கும் இல்லைன்னா, கண்ணை மூடிட்டு 4 ஸ்ட்ரோக் போங்க.

தோள்லயா, முதுகுலயா?

தோள்ல பெல்ட் போட்டுத் தொங்கவிடுறது சைடு பேக். சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி ரெண்டு கைப்பிடி இருக்கும். சமமான நிலத்துல வீசி வெட்ட இதுதான் வசதி. பேக்பேக் மாடல்ல இன்ஜினையே முதுகுல மாட்டிக்கணும். சரிவு, வரப்பு, குறுகலான இடத்துக்கு அது நல்லது. ஆனா இன்ஜின் சூடும் அதிர்வும் முதுகுக்குப் பக்கத்துலயே இருக்கும். முதுகுவலி இருக்குறவங்களுக்கு எதுன்னாலும், கடையில ஒரு பத்து நிமிஷம் மாட்டிப் பார்க்காம வாங்காதீங்க.

எந்தப் புல்லுக்கு எந்த பிளேடு?

* நைலான் கயிறு: அருகம்புல் மாதிரி மெல்லிசான புல்லுக்கு. சுவர் ஓரம், வேலிக்கல் ஓரம் வெட்ட வசதி.
* மூணு பல் பிளேடு: அடர்த்தியா, உயரமா வளர்ந்த புல்லுக்கும் களைக்கும்.
* நிறைய பல் இருக்குற வட்ட பிளேடு: தண்டு தடிச்ச செடி, புதருக்கு.

தென்னங்கன்னு இருக்குற இடத்துல கூடுதல் கவனம் வேணும். கஜா புயலுக்கு அப்புறம் நாங்க வெச்ச கன்னுங்க இப்பதான் நிமிர்ந்து நிக்குது. பிளேடோ நைலான் கயிறோ பட்டு இளம் மரத்துல காயம் ஆனா, அந்த வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டை வைக்கும். மரத்துல இருந்து ஒரு முழம் தள்ளியே மெஷினை நிறுத்திட்டு, மிச்சத்தைக் கையால பிடுங்குறதுதான் புத்திசாலித்தனம்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. மேல வெட்டினா திரும்ப முளைக்கத்தான் செய்யும். பார்த்தீனியத்தை பூக்குறதுக்கு முன்னாடியே வெட்டணும், இல்லைன்னா நாமளே விதை தூவின மாதிரி ஆயிடும். வெட்டின புல்லை எரிக்காம பாத்தியில மூடாக்கா போட்டா மண் ஈரம் காக்கும்.

எங்க வாங்கலாம்?

பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழயும் மெஷின் இருக்கு, முப்பதாயிரத்தைத் தாண்டியும் இருக்கு. விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: 'இதுக்கு கார்புரேட்டரும் கிளட்ச்சும் எங்க ஊர் டவுன்ல கிடைக்குமா?' பதில் 'இல்லை'ன்னா, எவ்வளவு ஆஃபர் இருந்தாலும் விட்டுடுங்க. ஸ்பேர் கிடைக்காத மெஷின் மோட்டார் கொட்டகையிலதான் தூங்கும்.

நிலம் இருக்குற விவசாயின்னா, வாங்குறதுக்கு முன்னாடியே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துல மானியம் பத்திக் கேளுங்க. உழவன் செயலியிலயும் பார்க்கலாம். சிட்டா, ஆதார், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் தயாரா இருக்கட்டும். முதல்ல வாங்கிட்டு அப்புறம் பில்லை நீட்டினா வேலைக்கு ஆகாது.

லுங்கியும் ஹவாய் செருப்பும் வேண்டாம்!

மெஷினோட சேர்த்து இதையும் கார்ட்ல போடுங்க: கண்ணையும் முகத்தையும் மறைக்குற ஷீல்டு, காதுக்கு மஃப், கனமான பூட்ஸ், கையுறை. பேன்ட், முழுக்கை சட்டை கட்டாயம். புல்லுக்குள்ள பாம்பு இருக்கலாம்ங்குறதாலயும் பூட்ஸ் அவசியம்.

* வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு நடை நடந்து கல், கம்பி, பாட்டிலைப் பொறுக்கிடுங்க. சொட்டுநீர்க் குழாயை ஓரமா நகர்த்துங்க.
* 15 மீட்டர் சுத்தளவுக்கு யாரும் நிக்கக் கூடாது. டீ கொண்டு வர்ற அம்மாகிட்டயும் இதைச் சொல்லிடுங்க.
* பிளேடோட இடது பக்கத்தால, வலதுல இருந்து இடதா வீசி வெட்டணும். வலது முன் ஓரம் கல்லுலயோ வேர்லயோ பட்டா மெஷினே துள்ளி அடிக்கும்.
* பிளேடுல புல் சுத்திக்கிச்சா? இன்ஜினை ஆஃப் பண்ணி, பிளேடு நின்ன பிறகுதான் கை வைக்கணும்.
* இன்ஜின் சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தாதீங்க.
* பிளேடு பாதுகாப்பு மூடியைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டவே கூடாது. அப்பாவுக்குக் கல் தெறிச்சது அப்படித்தான்.

பராமரிப்பு: பத்து நிமிஷ வேலை

ஒவ்வொரு தடவையும்: நட்டு, போல்ட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க. விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வெச்சு ஓட்டக் கூடாது, மாத்திடணும். வேலை முடிஞ்சதும் ஒட்டின புல்லைத் துடைச்சு எடுங்க.

சுமார் 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை: ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணி, காய வெச்சு மாட்டுங்க. தூசி அதிகம்னா இன்னும் சீக்கிரமே பண்ணணும். பிளேடுக்கு மேல இருக்குற கியர் பாக்ஸ்ல கிரீஸ் அடிங்க.

4 ஸ்ட்ரோக்குன்னா: முதல் 10 மணி நேரம் ஓடினதும் ஆயில் மாத்தணும். அப்புறம் மேனுவல்ல சொன்னபடி.

எடுத்து வைக்கும்போது: இப்ப பங்க்ல கிடைக்குற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல டேங்க்லயே கிடந்தா கார்புரேட்டர் அடைச்சுக்கும். அதனால டேங்க்கைக் காலி பண்ணி, இன்ஜின் தானா நிக்குற வரைக்கும் ஓடவிட்டு அப்புறம் வைங்க. 'போன மழையில நல்லா ஓடுச்சு, இப்ப ஸ்டார்ட்டே ஆகலை'ங்குற புலம்பல் பெரும்பாலும் பழைய பெட்ரோலாலதான்.

கடைசியா ஒண்ணு...

இப்ப எங்க தோப்புல, மோட்டார் கொட்டகைச் சுவர்ல '1 லிட்டருக்கு 20 மி.லி.'ன்னு பெயின்ட்ல எழுதி வெச்சிருக்கோம். பக்கத்து ஆணியில முகத்துக்குப் போடுற ஷீல்டு தொங்குது. அதை அப்பா மாட்டுறாரான்னு பார்க்குறது அம்மாவோட வேலை.

நீங்க ஆர்டர் போடுங்க, தப்பில்லை. ஆனா டெலிவரி தேதியைப் பார்த்து ஊருக்கு டிக்கெட்டும் சேர்த்துப் போடுங்க. முதல் நாள் நீங்க பக்கத்துல... மன்னிக்கவும், 15 மீட்டர் தள்ளி நிக்கணும்!