வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள். பேரன் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மகன் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தான். "நீங்க எதுக்கு மாமா போறீங்க, சுகர் வேற இருக்கு. நான் போய்ட்டு வந்துடறேன்" என்றாள் மருமகள். எட்டு மாதமாக வாசற்படி தாண்டாதவனுக்கு வெளியே போக ஒரு சாக்கு கிடைத்தது, விடுவேனா? இரண்டு முகக்கவசத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூட்டம் என்று பேர்தானே தவிர யாரும் உட்காரவில்லை. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள், ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். 16ஆம் தேதி முதல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகளைத் திறக்கலாமா என்பதுதான் கேள்வி. 'வேண்டாம்' என்று எழுதினேன். காரணம் எழுத ஒரு கோடு விட்டிருந்தது. 'குழந்தைகளின் பாதுகாப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரத்திலேயே பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. என் ஒருவன் எழுத்தால் இல்லை, என்னைப் போலப் பலரும் தயங்கினார்கள்.

அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அது உண்மையான காரணம்தானா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன்.

தேதிகளை மறப்பதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன். நாம் எல்லோரும் வேகமாக மறந்துகொண்டு வருகிறோம். 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. முதலில் மாத இறுதிவரை என்றார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 1க்குப் போய், ஜூன் 15க்குப் போய், கடைசியில் ஜூன் 9 அன்று ரத்தானது. எல்லோரும் தேர்ச்சி. நவம்பர் முயற்சி மேலே சொன்னபடி முடிந்தது. 2021 ஜனவரியில் மறுபடி பெற்றோரைக் கேட்டார்கள். இந்த முறை பெரும்பாலோர் சம்மதித்தார்கள். ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், சத்து மாத்திரை, துத்தநாக மாத்திரை என்று ஏற்பாடெல்லாம் இருந்தது. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களிடையே தொற்று கூட்டமாகத் தெரியவந்தது. 22ஆம் தேதி முதல் பன்னிரண்டு தவிர மற்றவை மறுபடி மூடின. அப்புறம் இரண்டாம் அலை. அந்த ஏப்ரல், மே மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு. நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி பாதி ஆகிவிட்டது.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் முதலில், சின்னவர்கள் கடைசியில். என் பேத்தி 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்றால் பணம் கட்டினோம், புத்தகம் வாங்கினோம். வகுப்பறையைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்குப் போய், அதிலும் பாதி வருஷம் கழித்து, 2021 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வேறு இடங்களில் இப்படி நடக்கவில்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே பள்ளிகளைத் திறந்தது. முதலில் கூப்பிட்டது சின்னப் பிள்ளைகளைத்தான். பெரியவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்து ஓரளவு படித்துக்கொள்வார்கள், ஆறு வயதுப் பிள்ளை உட்காராது, அதை வீட்டில் வைத்துக்கொண்டு பெற்றோர் வேலைக்கும் போக முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஸ்வீடனோ 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பள்ளிகளை மூடவே இல்லை. அங்கே 2020 மார்ச் முதல் ஜூன் வரை, ஏறக்குறைய 19 லட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகளில் கொரோனாவால் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 15 பேர். ஒரு பிள்ளையும் இறக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு வெளியானது 2021 ஜனவரியில். நான் படிவம் எழுதியபோது யாருக்கும் தெரியாது. ஸ்வீடனின் பள்ளியும் வீடும் நம்முடையதைப் போல நெருக்கமானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று அப்போதே கையில் இருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக அலைந்து எடுத்த தொடர்புப் பட்டியல்களை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் செய்த ஆய்வு, 'சயின்ஸ்' இதழில் 2020 செப்டம்பர் 30 அன்று வந்தது. தொற்று உறுதியான ஏறக்குறைய 85 ஆயிரம் பேர், அவர்களோடு பழகிய 5 லட்சத்து 75 ஆயிரம் பேர். அந்த நேரத்தில் உலகத்தில் இவ்வளவு பெரிய பட்டியலை அலசிய ஆய்வுகள் அபூர்வம். நம் ஊர் சுகாதார ஆய்வாளர்களும் கிராம செவிலியர்களும் வெயிலில் நடந்து எழுதியது அது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த ஆய்வு இரண்டு பக்கமும் பேசியது. தொற்று உறுதியானவர்களில் 5 முதல் 17 வயது வரை இறந்தவர்கள் நூற்றுக்கு 0.05, அதாவது இரண்டாயிரத்துக்கு ஒருவர். 85 வயதுக்கு மேல் நூற்றுக்கு 16.6. இது ஒரு பக்கம். பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளிடமிருந்து நன்றாகவே தொற்றைப் பெறுகிறார்கள், அவர்கள் பரப்புவதே இல்லை என்பது சரியில்லை என்பது மறுபக்கம். ஆக பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மிகச் சில பிள்ளைகளுக்குத் தொற்று வந்துபோன சில வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, இதயப் பாதிப்பு என்று ஒரு கோளாறு வந்ததும் உண்மை. தன் வீட்டில் அது நடந்தவர்களிடம் போய் 'இரண்டாயிரத்தில் ஒன்று' என்று பேச முடியாது.

ஆனால் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. ஆபத்து வயதோடு ஏறுகிறது. எங்கள் வீட்டில் அந்த ஏணியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தவன் நான். 71 வயது, சர்க்கரை, பி.பி. பேரன் பள்ளிக்குப் போய் எனக்குக் கொண்டுவந்துவிடுவானோ என்பதுதான் என் பயம். அதை அந்தக் கோட்டில் எழுத வெட்கமாக இருந்தது. குழந்தைகளின் பாதுகாப்பு என்று எழுதுவது சுலபம்.

அப்படிப் பயந்ததும் தப்பு என்று சொல்லமாட்டேன். தடுப்பூசி இல்லாத காலம். மூன்று தலைமுறை ஒரே கூடத்தில் படுக்கும் வீடுகள் நம்முடையவை. ஆனால் என்னைக் காப்பாற்றத்தான் அவன் வீட்டில் இருக்கிறான் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தால், மாடி அறைக்கு நான் போயிருக்கலாம், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கலாம். அந்தப் பேச்சே எழவில்லை.

பூட்டிவைத்ததால் பிள்ளைகளுக்குத் தொற்று வராமல் இருந்ததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் 70 மாவட்டங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. நம் பக்கம் சென்னை, கோவை, திருவண்ணாமலை. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 15 மாதமாகப் பள்ளிப் பக்கமே போகாதவர்கள். கிருமி வேலைக்குப் போய்வந்த பெரியவர்களோடு வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதை அறிவித்த நாளில்தான் கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு என்றார். டென்மார்க்கின் வரிசை. நாமோ அதற்குப் பிறகும் நவம்பர்வரை காத்திருந்தோம். பெரிய வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்தது, சின்ன வகுப்புக்கு இல்லை. நம் ஊரில் தேர்வு இல்லாத படிப்பு காத்திருக்கலாம்.

இது நூறு வருஷத்துக்கு முந்தைய வாதமும்கூட. 1918 விஷக் காய்ச்சலின்போது அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் மூடவில்லை. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காற்றோட்டமில்லாத நெருக்கடிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். பள்ளியிலாவது வெளிச்சமும், தினமும் பார்க்கும் ஆசிரியரும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு என்றார். அது நல்ல முடிவுதானா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் இளைஞர்களைக் கொன்றது, கொரோனா கிழவர்களைக் கொன்றது, ஆகவே அப்படியே ஒப்பிடவும் முடியாது. ஆனால் 'பள்ளிக்குப் போனால் ஆபத்தா' என்று மட்டும் கேட்காமல், 'போகாவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்' என்றும் அவர் கேட்டார். நான் அதைக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகன் ஒன்பதாம் வகுப்போடு நின்று மெக்கானிக் கடைக்குப் போனான். அவனுக்கு ஃபோன் இல்லை.

போனதில் எவ்வளவு திரும்பி வந்தது என்றும் அளந்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைவிடக் கணக்கில் மிகவும், தமிழில் ஓரளவும் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அதில் கால்வாசி 'இல்லம் தேடிக் கல்வி'யால் என்கிறது அந்த ஆய்வு. மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களின் வேலை அது. எங்கள் தெருவில் ஒரு பெண் நடத்தினாள். பேத்தியும் போனாள்.

பேத்தியின் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் வாழைமரம், உள்ளே மிட்டாய். மாலையில் கூட்டிவரப் போனேன். "டீச்சர் ரொம்ப உயரமா இருக்காங்க தாத்தா" என்றாள். செல்ஃபோனில் தலையை மட்டும்தானே பார்த்திருக்கிறாள். 'ள'வைத் திருப்பி எழுதினாள். பக்கத்தில் இருந்த பிள்ளை பென்சிலை எடுத்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அழுதாளாம்.

இரண்டு மாதத்தில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடினார்கள். 2022 பிப்ரவரி 1 அன்று மறுபடி திறந்தபோது நான் இரண்டு ஊசியும் போட்டிருந்தேன். படிவம் எதுவும் வரவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன். வாசலில் கையை விடாமல் கேட்டாள்: "இந்த வாட்டி எத்தனை நாளு தாத்தா?"