உதிர்ந்த பெயர்

1951-ல் மில்ட் ஜாக்சன் குவார்ட்டெட். 1952-ல் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட். எம்.ஜே.க்யூ. என்ற முதலெழுத்துக்கள் அப்படியே நிற்க, ஒரு மனிதனின் பெயர் மட்டும் உதிர்ந்தது.

பீ-பாப்பில் ஒருவர் தனித்து வித்தை காட்ட, மற்றவர்கள் தாளம் காத்து நிற்பதே வழக்கம். பியானோ வாசித்த ஜான் லூயிஸ் இதை மறுத்தார். ஜாக்சனின் வைப்ரஃபோனுக்குப் பின்னால் அவருடைய பியானோ ஒதுங்கி நிற்பதில்லை. குறுக்கே இன்னொரு மெட்டைச் சொல்கிறது. பெர்ஸி ஹீத்தின் பாஸும், 1955-ல் வந்துசேர்ந்த கானி கேயின் டிரம்ஸும் அந்தப் பேச்சில் பங்காளிகள்.

லூயிஸின் ஒழுங்கு ஜாக்சனின் ப்ளூஸை நெரித்தது என்ற விமர்சனத்தை நான் ஏற்கவில்லை. ஒழுங்குக்குள் இருந்ததால்தான் அதன் சூடு தெரிந்தது. விலை இல்லாமலில்லை: 1974-ல் ஜாக்சன் விலகினார், குழு கலைந்தது. 1981-ல் அவரோடுதான் மறுபடி கூடியது. பெயரை உதிர்த்த குழுவால் ஆளை உதிர்க்க முடியவில்லை.